அனுமதி பெற்ற மழை

மே மாதம் பதினேழாம் தேதி, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த மத்தியானத்தில், மழையைப் பார்வையிட ஐந்து பேர் குடையோடும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடும் திரேஸ்புரம் கடற்கரையில் ஜீப்பிலிருந்து இறங்கினார்கள்.

மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். படகு நிழலில் படுத்திருந்த ஹென்றி தலையைத் தூக்கினார். ஹென்றிக்கு அறுபது வயது. வாய்க்கு மட்டும் இருபது.

"ஏலே சிலுவை, ஆருல இவனுவ? நாடகம் போட வாரானுவளா?"

"மழைநீர் வடிகால் ஆபீஸ்காரங்க அண்ணாச்சி. நான் போட்ட மனுவப் பாக்க வந்திருக்காங்க."

"மனுவப் பாக்க குடை எதுக்குல?"

சிலுவைக்கும் அது விளங்கவில்லை.

சிலுவை சங்கு குளிக்கிறவன். ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் உயர ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணலைத் துழாவிச் சங்கு எடுக்கத் தெரியும். கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் கையெழுத்து முத்து முத்தாக வரும். அவனுடைய மனைவி இன்பமணி, கல்யாணமாகி ஏழாவது வருஷம், மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை கலைந்துவிட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி நர்ஸம்மா பார்த்துவிட்டு, "மருந்தெல்லாம் அப்புறம். நல்ல தண்ணி குடி. அதுதான் முக்கியம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நல்ல தண்ணீருக்கு அந்தத் தெருவில் இரண்டு வழி. ஒன்று, நாள் விட்டு நாள் வருகிற தண்ணீர் லாரி. ஆளுக்கு இரண்டு குடம். மற்றது, கடற்கரை மணலில் தோண்டிவைத்திருக்கிற ஊற்று. பக்கத்தில் கடல் உப்பாகக் கிடக்க, அந்தக் குழியில் மட்டும் இளநீர்போலத் தண்ணீர் ஊறும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், துறைமுக வேலை தொடங்கி ஊர் பெருத்தபோது, மழைக்காலத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று சர்க்கார் ஒரு வடிகால் கட்டியது. அதன் வாயை ஊற்றிலிருந்து நாற்பது அடியில் கொண்டுவந்து கடலைப் பார்க்கத் திறந்துவிட்டது. வடிகாலைப் பார்த்துக்கொள்ள ஒரு தனி ஆபீஸ் வந்தது. ஆபீஸுக்கு ஒரு தனி அதிகாரி வந்தார். மழை மட்டும் சரியாக வரவில்லை.

ஆனால் வடிகால் ஒருநாளும் காயவில்லை. லாரி கழுவுகிற ஷெட், சாயப்பட்டறை, ஆடு வெட்டுகிற இடம், மீன் சேர்த்துவைக்கிற கிட்டங்கி, மாடி வீட்டுக் கக்கூஸ் என்று ஊரில் இருந்த அத்தனை குழாயும் ராவோடு ராவாக அதில் வந்து சேர்ந்துகொண்டன. ஒருநாள் கறுப்பாக ஓடும். சாயப்பட்டறை வேலை நாளில் ஊதாவாக ஓடும். மணலில் இறங்கி ஊற்றுப்பக்கம் கசிய ஆரம்பித்திருந்தது. அதனால்தான் சிலுவை மனு எழுதினான்: எப்படியாவது அந்த வாயை முந்நூறு அடி அப்பால் தள்ளி வைக்கவேண்டும், எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள்.

தனி அதிகாரி தேவபிரசாதம் குடை நிழலில் நடந்துவந்தார். நாசரேத்துக்காரர். தங்க விளிம்புக் கண்ணாடி. பிரசங்க பீடத்தில் நின்று பேசுகிறவர்போல ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"மனுதாரர் நீதானாப்பா? வடிகாலில் அசுத்த நீர் ஓடுவதாக எழுதியிருக்கிறாய்."

"ஆமா சார். இங்கன வந்து பாருங்க. நாத்தம் கொடலப் புடுங்குது."

தேவபிரசாதம் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"மழைநீர் வடிகாலில் மழைநீர் தவிர வேறு நீர் ஓட அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத நீர் ஓடமுடியாது. ஆகவே இப்போது ஓடுவது மழைநீர்."

"சார், மழை பெஞ்சு ஆறு மாசம் ஆச்சே."

"மழை பெய்ததா இல்லையா என்று சொல்ல நீ யார்?"

சிலுவை வானத்தைப் பார்த்தான். அங்கே ஒரு துண்டு மேகம் இல்லை. அதிகாரிக்குக் குடை பிடித்திருந்த பியூனின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"அதான் குடையோட வந்திருக்காவ. மழைல்லா பெய்யுது" என்று ஹென்றி படகுக்கு அடியிலிருந்து சொன்னார். பெண்கள் சிரித்தார்கள்.

தேவபிரசாதம் கோபப்படவில்லை. சிலுவையைத் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப்போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அது சிலுவைக்குக் கடைசி வரைக்கும் குழப்பமாகவே இருந்தது.

"உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். இதில் சாக்கடை ஓடுகிறது என்று நான் எழுதினால், அந்த நிமிஷமே இது சாக்கடை ஆகிவிடும். சாக்கடைக்கு இந்த ஊரில் ஆபீஸ் இன்னும் சாங்ஷன் ஆகவில்லை. மழைநீருக்குத்தான் ஆபீஸ். அப்புறம் நான் யார்? என் ஸ்டாஃப் பதினாலு பேர் யார்? ஆபீஸே இல்லாத ஒரு சாக்கடையின் வாயை யார் வந்து தள்ளி வைப்பார்கள்? யோசித்துப் பார். மழைநீராக இருக்கிற வரைக்கும்தான் உனக்கு நல்லது."

சிலுவை யோசித்துப் பார்த்தான். அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

ஒரு பாட்டிலில் வடிகால் நீரை மொண்டு, மூடி, 'மழைநீர் மாதிரி' என்று சீட்டு ஒட்டி, மெட்ராஸில் உள்ள பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது: 'அனுப்பப்பட்டது மழைநீர் அல்ல. எங்கள் ஊழியர் ஒருவருக்கு வாந்தி.'

அதற்கு தேவபிரசாதம் காரமாகப் பதில் எழுதினார். மழைநீரில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் பரிசோதனைச் சாலையின் வேலை. அது மழைநீரா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை. பரிசோதனைச் சாலை மடக்கிக் கேட்டது: 'அப்படியானால் மாதிரி எடுத்த அன்று அங்கே மழை பெய்ததற்கான பதிவை அனுப்பவும்.'

பதிவு இல்லை. பதிவுசெய்ய ஆள் இல்லை. இரண்டு நாள் ஆபீஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் குமாஸ்தா ஏசுவடியான் சைக்கிளில் வந்து சிலுவையைக் கூட்டிப்போனான்.

மேஜைமேல் ஒரு பித்தளை மழைமானி புத்தம் புதிதாக மின்னியது. பக்கத்தில் தடித்த அட்டை போட்ட பதிவேடு.

"வாழ்த்துகள்" என்றார் தேவபிரசாதம். "திரேஸ்புரம் பகுதியின் கௌரவ மழைப் பதிவாளராக உன்னை நியமித்திருக்கிறேன். மனுவில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். குற்றம் சொல்கிறவனையே பொறுப்பில் உட்கார வைப்பதுதான் ஜனநாயகம்."

"நான் என்ன எழுதணும் சார்?"

"தினமும் காலையில் வடிகாலில் ஒரு குச்சியை விட்டுப் பார். ஒரு சாண் நனைந்தால் அரை அங்குல மழை. இரண்டு சாண் என்றால் ஒரு அங்குலம்."

"அப்ப இந்தப் பித்தளைச் சாமான் எதுக்கு சார்?"

"அது அரசாங்கச் சொத்து. அதில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்."

சிலுவை பதிவேட்டைத் தொடவில்லை. "மழையே இல்லாம மழைன்னு எழுத..." என்று இழுத்தான்.

"வானத்தைப் பார்த்து எழுதாதே. வடிகாலைப் பார்த்து எழுது." தேவபிரசாதம் முன்னால் குனிந்தார். "உனக்கு வாய்க்கால் முந்நூறு அடி நீளவேண்டும். தலைமை அலுவலகம் என்ன கேட்கும்? அங்கே அவ்வளவு மழை பெய்கிறதா என்று கேட்கும். நாற்பது அங்குலம் காட்டினால் சாங்ஷன் நிச்சயம். உன் வீட்டில் எத்தனை மாசம்?"

"நாலு நடக்குது சார்."

"நல்ல மழையாக எழுது" என்றார் தேவபிரசாதம் அன்போடு.

சிலுவை எழுதினான். ஜூன் பாதியிலிருந்து தினமும் எழுதினான். அக்கினி வெயில் முடிந்தும் அனல் குறையாத ஜூலையில், மணலில் கால் வைத்தால் தோல் உரிகிற நாட்களில், அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று முத்து முத்தாக எழுதினான். மனைவியை நினைத்துச் சில நாள் ஒரு சாண் கூட்டியே எழுதினான்.

தெருவில் அவனுக்கு மழைக்காரன் என்று பெயர் வந்துவிட்டது. "ஏலே மழைக்காரா, நாளைக்குக் கோயில்ல என் பேத்திக்குப் புதுநன்மைப் பூசை. ஒரு நாள் மட்டும் மழைய வெறிக்க விடுல" என்று ஹென்றி கும்பிட்டார்.

இன்பமணிக்கும் வாய் சும்மா இருக்காது. பதிவேட்டை எட்டிப்பார்த்து, "நேத்து எவ்வளவு?" என்பாள்.

"ரெண்டு அங்குலம்."

"நீரு எழுதின அந்த ரெண்டு அங்குலத்துலதான் நான் ஒரு பாய் நெத்திலி காயப்போட்டு எடுத்திருக்கேன். கருவாடு நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு. உம்ம மழை வாழ்க."

"சிரிக்காதளா. வாய்க்கால் நீளட்டும். எல்லாம் உனக்கும் பிள்ளைக்கும்தான்."

"எனக்கு மழை வேண்டாம். ஒரு குடம் தண்ணி போதும்" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆகஸ்டு பாதியில் நாற்பது அங்குலம் ஆயிற்று. சிலுவை பதிவேட்டை வெள்ளைத் துண்டில் பொதிந்து எடுத்துப்போய்க் கொடுத்தான். அது ஊரூராகப் பயணம் செய்து தலைமை அலுவலகத்தை அடைந்தது. போகிற வழியில் வேறு ஆபீஸ்களும் அதைப் படித்தன. ஆபீஸ்கள் எதையும் படிக்காது என்று நினைப்பது தவறு.

முதலில் தண்ணீர் லாரி நின்றது.

இரண்டு நாள் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அற்புதமணி லாரி ஆபீசுக்கே நடந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சிலுவையின் வாசலில் நின்று குடத்தைத் தரையில் போட்டாள்.

"ரெண்டு மாசத்துல நாப்பது அங்குல மழை பெஞ்ச ஊருக்கு லாரி எதுக்குன்னு கேக்கான். வறட்சிப் பட்டியல்லருந்து நம்ம தெருவ எடுத்துட்டானாம். எழுதினவன் ஆருன்னு தெரியுமா? நீதாம்ல! உன் கையெழுத்தக் காட்டுதான்!"

சிலுவை ஆபீசுக்கு ஓடினான். அங்கே தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. தேவபிரசாதம் இரண்டையும் அவனுக்குப் படித்துக் காட்டினார்.

முதல் கடிதம்: 'இவ்வளவு பெருமழையையும் மேற்படி வடிகால் ஒரு சேதமும் இன்றிக் கடலில் சேர்த்திருப்பதால், அது மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது எனத் தெரிகிறது. நீட்டிக்க வேண்டிய அவசியம் எழவில்லை. தனி அதிகாரிக்குப் பாராட்டு.'

இரண்டாவது: 'மேற்படி பகுதிக்கு இந்த ஆண்டுக்கு உத்தேசிக்கப்பட்ட மழை இருபத்தைந்து அங்குலம். ஏற்கெனவே பதினைந்து அங்குலம் அதிகம் பெய்யவிடப்பட்டிருக்கிறது. இது குறித்து விளக்கம் தேவை. ஆண்டு முடியும் வரை முன் அனுமதி இன்றி மேற்கொண்டு மழை எதுவும் பதிவு செய்யப்படக் கூடாது.'

"பெய்யவிடப்பட்டிருக்கிறது" என்று தேவபிரசாதம் அந்த வார்த்தையை இன்னொரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டார். அவர் முகம் வாடியிருந்தது. "கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாம் சிலுவை."

"சார், லாரி நின்னு போச்சு. என் வீட்டுக்காரிக்கு ஏழாம் மாசம். ஊத்துத் தண்ணியில எண்ணெ மிதக்குது. அதத்தான் வடிகட்டிக் குடிக்கா."

"காய்ச்சிக் குடிக்கச் சொல்."

"காய்ச்சினா சாயம் போகுமா சார்?"

மேஜை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்த தேவபிரசாதம் முகம் மலர்ந்து நிமிர்ந்தார். "வழி இருக்கிறது! இனிமேல் மழை இல்லை என்று எழுது. எழுபது நாள் தொடர்ந்து ஒரு துளி இல்லை என்று காட்டினால் மறுபடி வறட்சிப் பட்டியல். லாரி தானாக வரும். தலைமை அலுவலகத்துக்கும் திருப்தி."

இந்தத் தடவை சிலுவைக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மழை இல்லை என்று எழுதுவது உண்மைதானே. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'இல்லை', 'இல்லை' என்று எழுதினான். அவன் பதிவேட்டில் தொடர்ந்து உண்மை எழுதியது அந்த நாற்பத்தெட்டு நாள்தான்.

நாற்பத்தொன்பதாம் நாள், அக்டோபர் பத்தொன்பதாம் தேதி விடியற்காலையில், மழை பெய்தது.

வடகிழக்குப் பருவமழையின் முதல் மழை. வானம் உடைந்துவிட்டதுபோலக் கொட்டியது. ஒரு வருஷமாக ஊரின் ரோடுகளிலும் சந்துகளிலும் ஷெட்டுகளிலும் படிந்து கிடந்த அத்தனையையும் அந்த மழை ஒரே வீச்சில் வாரி வடிகாலில் தள்ளியது. வடிகாலுக்குள் மாதக்கணக்கில் உறைந்து கிடந்தது கிளம்பியது. முதலில் கறுப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. பின்னால் எண்ணெய்ப் படலம், சாயம், ஆட்டுக் குடல், தலைமயிர்ச் சுருள், கக்கூஸ் மலம், செத்த பெருச்சாளிகள். கடல் அன்றைக்கு உயர்ந்திருந்ததால் வடிகால் வாய்க்குள் அலை ஏறி மறித்தது. போக வழியில்லாத தண்ணீர் மணலில் பொங்கிப் புரண்டு, நாற்பது அடியைத் தாண்டி, ஊற்றுக்குள் தலைகுப்புற விழுந்தது.

சிலுவை மண்வெட்டியோடு நின்று மணலை அணைபோட்டுப் பார்த்தான். ஹென்றியும் பத்துப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். அணை போடப் போட அது கரைந்து போயிற்று. பிறகு அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, நனைந்த உடம்போடு ஆபீசுக்கு ஓடினான்.

"சார் இன்னும் வரல. என்ன விஷயம்?" என்றான் ஏசுவடியான்.

"மழை! ஊத்துக்குள்ள வாய்க்கால் பாஞ்சிட்டு! உடனே வந்து வாய அடைக்கணும்!"

ஏசுவடியான் ஜன்னலைப் பார்த்தான். சாரல் உள்ளே அடித்து அவன் மேஜை நனைந்துகொண்டிருந்தது. எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"மழைன்னு வாயால சொல்லாதீரும் ஓய். அனுமதி இல்ல."

"என் சட்டையப் பாரும்!"

"நீரு சங்கு குளிக்கிறவரு. கடல்ல விழுந்திட்டு வந்திருப்பீரு."

பதினொரு மணிக்கு தேவபிரசாதம் முழங்கால் நனைய வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "மழைக்காக ஆட்களை அனுப்பினால் மழை பெய்ததாக ஆகிவிடும் சிலுவை. நாற்பத்தெட்டு நாள் வந்துவிட்டாய். இன்னும் இருபத்திரண்டே நாள். இன்றைக்கு மழை என்று எழுதினால் முதலிலிருந்து எண்ணவேண்டும். லாரி வேண்டுமா, மழை வேண்டுமா?"

ஓட்டுக்கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. சிலுவையின் தலையிலிருந்து பதிவேட்டில் ஒரு சொட்டு விழுந்தது. ஏசுவடியான் அவசரமாக அதை ஒற்றி எடுத்தான்.

சிலுவைக்கு இன்பமணியின் முகம் கண்ணுக்கு முன் வந்தது. லாரி, இரண்டு குடம், இருபத்திரண்டு நாள். அவன் பேனாவை வாங்கி, 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

அந்த இருபத்திரண்டு நாளில் பதினான்கு நாள் மழை பெய்தது. பதினான்கு நாளும் அவன் 'இல்லை' என்று எழுதினான். ஊற்றை இரண்டு முறை இறைத்துப் பார்த்தார்கள். இறைக்க இறைக்க அதே நாற்றம் ஊறியது. வீட்டுக் கூரைகளெல்லாம் ஓலை. ஒழுகுகிற தண்ணீர் புகையும் பூச்சியுமாகக் கறுப்பாக விழும். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கி, ஊற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாயிற்று. அதனால் தெரு அதைக் குடித்தது.

எழுபது நாள் முடிந்தது. வறட்சிப் பட்டியலில் தெருவைச் சேர்த்து, லாரி அனுப்ப உத்தரவும் வந்தது. லாரியும் புறப்பட்டது. ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது. ரோட்டில் தண்ணீர் நின்றதாக எங்கும் பதிவு இல்லை. ஆகவே லாரி வந்து சேர்ந்ததாகவே எழுதிக்கொண்டார்கள்.

இன்பமணிக்கு முதலில் சோறு கசந்தது. அப்புறம் கண் மஞ்சளாயிற்று.

"கண்ணாடியில பாத்தேன். மூஞ்சி பூராவும் மஞ்ச. பூசிக் குளிச்ச மாதிரி இருக்கு. செலவு மிச்சம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிப்போனபோது நினைவு தப்பிவிட்டிருந்தது. ஆண் பிள்ளை. அது அழவில்லை. இன்பமணி அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் இருந்தாள்.

இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் வைத்தார்கள்.

அந்தத் தெருவில் பதினொரு பேர் மஞ்சள்காமாலையில் படுத்தார்கள். சிலுவையின் வீட்டோடு சேர்த்து நான்கு பேர் போனார்கள். பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதினார். டிசம்பர் பத்தாம் தேதி கோயில் பள்ளிக்கூடத்தில் விசாரணைக் கூட்டம் கூடியது. மேலிடத்து ஆட்கள் இருவர் நடுவில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் தேவபிரசாதம். கடைசி பெஞ்சில், சவரம் செய்யாத முகத்தோடு சிலுவை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது. மழைச் சத்தத்தில் கேட்காது என்று தேவபிரசாதம் குரலை உயர்த்திப் பேசினார்.

"நாலு ஆத்துமாக்கள் கர்த்தரிடம் போயிருக்கின்றன. என் கண் கலங்குகிறது. ஆனால் கண்ணீர் வேறு, பதிவேடு வேறு. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி மழை பெய்து, வடிகால் பொங்கி, ஊற்றில் விழுந்தது என்பது புகார். பதிவேடு என்ன சொல்கிறது? மழை இல்லை. மழை இல்லாமல் மழைநீர் வடிகால் பொங்க முடியாது. சரி, இதை எழுதியது யார்? நானா? என் குமாஸ்தாவா? இல்லை. இதே தெருவில் வாழ்கிற திரு. சிலுவை. தன் மனைவியையும் தலைப்பிள்ளையையும் பறிகொடுத்தவர். மழை பெய்திருந்தால் முதலில் கூவியிருக்க வேண்டியவர் அவரல்லவா? அவரே இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைவிட நேர்மையான ஒரு சாட்சியை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

ஏசுவடியான் கை தட்டினான். மேலிடத்து ஆட்கள் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். தெருக்காரர்கள் எல்லோரும் திரும்பி சிலுவையைப் பார்த்தார்கள்.

சிலுவை எழுந்து நின்றான்.

"நான் எழுதினது பொய் சார்."

"எது பொய்?" என்றார் தேவபிரசாதம் மெதுவாக. "மழை பெய்ததாக எழுதியதா, பெய்யவில்லை என்று எழுதியதா?"

"ரெண்டும் சார்."

"இரண்டும் பொய்யாக இருக்க முடியாதப்பா. இரண்டில் ஒன்று உண்மையாகத்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பதிவேடு எதற்கு?" மேலிடத்தாரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "துக்கத்தில் பேசுகிறார். குறிப்பில் சேர்க்க வேண்டாம்."

"இப்பவும் பெய்யுது சார்" என்றான் சிலுவை.

மேலிடத்து ஆட்களில் ஒருவர் தன் காகிதங்களை ஒழுகல் படாத பக்கமாக நகர்த்தி வைத்தார்.

சிலுவை வெளியே இறங்கி நடந்தான். தெருக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அவன் பின்னால் வந்தார்கள், என்ன செய்யப்போகிறான் என்று பார்க்க. அவன் வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஊற்றங்கரைக்குப் போனான். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. முதல் வெட்டு மணலை எடுத்து அதற்குள் போட்டான். இரண்டாவது. மூன்றாவது.

அற்புதமணி ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்தாள். "ஏலே பாவி, உன் பெண்டாட்டி போனா எங்க வாயிலயும் மண்ணப் போடுதியா? நாங்க எதக் குடிப்போம்?"

"மண்ணு கொல்லாது மயினி" என்றான் சிலுவை. "கைய எடுங்க."

அவள் கையை எடுத்தாள். ஹென்றி குனிந்து, இரண்டு கையாலும் மணலை வாரித் தள்ள ஆரம்பித்தார். அவருடைய வாயிலிருந்து ஒரு கேலி வராத நாள் அதுதான். அரை மணி நேரத்தில் ஊற்று இருந்த இடம் மற்ற மணல்போல ஆகிவிட்டது.

அற்புதமணி வீட்டுக்குப் போய் இரண்டு குடங்களையும் எடுத்துவந்து, ஓலைக் கூரைக்கு எட்டாத வெட்டவெளி மணலில், வானத்தைப் பார்க்க வைத்தாள். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி வைத்தாள். கரை நெடுகக் குடமும் பானையும் சோற்றுச் சட்டியும் வந்து உட்கார்ந்தன.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் முடிந்து, மழை பெய்யவில்லை என்று ஒருமனதாக முடிவெடுத்து, மேலிடத்தாரும் ஆபீஸ்காரர்களும் குடை விரித்து ஜீப்பில் ஏறினார்கள். கடற்கரையில், அன்றைக்குப் பெய்யாத அந்த மழையில் குடங்கள் கழுத்து வரைக்கும் நிரம்பின. அது எத்தனை நாளைக்கு வரும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.